கடைசி ஸ்கேன் தீர்ப்பல்ல

இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் தமிழ்நாட்டில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மொதப் புள்ள நார்மலா, ஆபரேஷனா?" ஆபரேஷன் என்று பதில் வந்தால், அடுத்ததையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "அப்ப இதுவும் ஆபரேஷன்தான்." நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்த வாக்கியத்தை ஒரே தொனியில் கேட்டுவருகிறேன். சொல்கிறவர் மாமியாராக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம், சில இடங்களில் மருத்துவராகவே இருக்கலாம். ஒரு தலைமுறைக்கு முன்பு சிசேரியன் என்பது தெருவில் ஏதோ ஒரு வீட்டில் நடந்த சேதி. இன்று அப்படியில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு 2015-16இல் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 34.1 சதவீதம் சிசேரியன் என்றது. 2019-21 ஆய்வில் அது 44.9 சதவீதம் ஆகிவிட்டது. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. ஆக, கருப்பையில் ஒரு தழும்போடு அடுத்த கர்ப்பத்துக்குள் நுழைகிற பெண்கள் இன்று லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. ஒருவேளை கொஞ்சம் வாய்ப்பு கொடுக்கப்பட்டாலும், ஒன்பதாம் மாத ஸ்கேனில் வரும் ஏதாவது ஓர் எண் அதைப் பறித்துவிடுகிறது. இந்த வழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் ஆதாரம் நாம் நினைக்கிற அளவுக்கு வலுவானதல்ல என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த வாக்கியத்தின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதிய கட்டுரையில்தான், ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன் என்ற கருத்து அச்சேறியது. அவர் அதை எழுதியது முதல் சிசேரியனை எளிதில் செய்துவிடாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிப்பதற்காக. அந்தக் காலத்து ஆபரேஷனில் கருப்பையின் மேல்பகுதியை, தசை தடித்து, வலி வரும்போது மிக வேகமாகச் சுருங்குகிற இடத்தை, மேலிருந்து கீழாகக் கீறினார்கள். அந்தத் தழும்பு அடுத்த பிரசவ வலியில் விட்டுப்போகும் அபாயம் நிஜமாகவே பெரியது. பிறகு 1920களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தைச் சேர்ந்த மன்ரோ கெர், கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையை வலியுறுத்தி நிலைநாட்டினார். கீழ்ப்பகுதி மெல்லியது, ரத்தக் கசிவு குறைவு, வலியின்போது அது சுருங்குவதை விட விரிந்துகொடுப்பதே அதிகம். அங்கே ஆறிய தழும்பு பல மடங்கு உறுதியாக நின்றது. இன்று நம் ஊரில் நடக்கும் சிசேரியன்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கீழ்க் குறுக்குக் கீறல்தான். கீறல் மாறி நூறாண்டு ஆகப்போகிறது. மேல்கீறலைப் பார்த்து எழுதப்பட்ட விதியை மட்டும் இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறோம்.

புதிய கீறலுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த கணக்குகள் இருக்கின்றன. அமெரிக்காவின் 19 கல்வி மருத்துவமனைகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், முன்பு சிசேரியன் ஆன 17,898 பெண்கள் அடுத்த பிரசவத்துக்கு வலி எடுக்கக் காத்திருந்தார்கள். அவர்களில் 73.4 சதவீதம் பேருக்குச் சுகப்பிரசவம் ஆனது. கருப்பை கிழிந்தது 0.7 சதவீதம் பேருக்கு. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கழகம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: நான்கில் மூன்று பேருக்குச் சுகப்பிரசவம், இருநூறில் ஒருவருக்குக் கிழிசல். சிசேரியனுக்கு முன்போ பின்போ ஒரு சுகப்பிரசவமாவது ஆன பெண் என்றால், வெற்றி வாய்ப்பு 85 முதல் 90 சதவீதம் வரை போகிறது. மறுபக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது ஆபரேஷன் என்பது முதல் ஆபரேஷனின் மறுபதிப்பு ஆகாது. குடலும் மூத்திரப்பையும் பழைய தழும்போடு ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு அந்தத் தழும்பிலேயே வேர்விட்டு இறங்கும் ஆபத்து கூடுகிறது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த 2006ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், நஞ்சு கருப்பை வாயை மூடிக் கீழே அமர்ந்திருந்தால் அது தசைக்குள் ஊடுருவியிருக்கும் வாய்ப்பு, முன்பு ஒரு சிசேரியன் ஆனவரிடம் 11 சதவீதமாகவும், இரண்டு ஆனவரிடம் 40 சதவீதமாகவும் இருந்தது. அப்படி ஆகிவிட்டால் பல நேரம் உயிரைக் காப்பாற்ற கருப்பையையே எடுக்க வேண்டிவரும்.

இப்படிச் சொல்லும்போது, அப்படியானால் எல்லோரும் வலிக்குக் காத்திருக்க வேண்டியதுதானே என்று தோன்றும். அப்படி நினைத்துத்தான் அமெரிக்கா ஒருமுறை அளவு மீறிப் போனது. 1980களிலும் 90களிலும் அங்கே முந்தைய சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவம் ஆதரிக்கப்பட்டது. சில காப்பீட்டு நிறுவனங்கள் அதை ஏறக்குறையக் கட்டாயமாக்கின. 1996இல் அத்தகைய பெண்களில் 28.3 சதவீதம் பேர் சுகப்பிரசவத்தில் பெற்றார்கள். பிறகு கிழிசல்கள் பற்றிய செய்திகள், வழக்குகள், 1999இல் அந்நாட்டு மகப்பேறு மருத்துவர் கழகத்தின் இறுக்கமான நிபந்தனை என்று வரிசையாக வந்து, 2006க்குள் அது 8.5 சதவீதத்துக்கு விழுந்தது. இடையில் என்ன தவறு நடந்தது என்பதை 2001இல் வெளியான வாஷிங்டன் மாநில ஆய்வு தெளிவாகக் காட்டியது. வலியே வராமல் மறு சிசேரியன் செய்தவர்களில் ஆயிரத்துக்கு 1.6 பேருக்குக் கிழிசல். தானாக வலி வந்தவர்களில் ஆயிரத்துக்கு 5.2. மருந்து வைத்து வலி வரவழைத்தவர்களில், அதுவும் புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்து வைத்தவர்களில், ஆயிரத்துக்கு 24.5. ஆபத்தைப் பல மடங்காக்கியது வலி அல்ல, வலியை அவசரப்படுத்தியது. பொறுமை வேண்டிய இடத்தில் வேகத்தைக் காட்டியதற்கான விலையைப் பெண்கள் கொடுத்தார்கள். தழும்புள்ள கருப்பைக்கு மிசோப்ரோஸ்டால் மாத்திரை வைக்கக் கூடாது என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட எச்சரிக்கை.

இனி ஸ்கேனுக்கு வருவோம். மன்ரோ கெர் வகித்த அதே கிளாஸ்கோ பேராசிரியர் பதவியில் பின்னாளில் அமர்ந்த இயன் டொனால்டுதான், பொறியாளர் டாம் பிரவுனோடும் மருத்துவர் ஜான் மக்விகாரோடும் சேர்ந்து, வயிற்றுக்குள் இருப்பதை ஒலி அலையால் பார்க்கும் முறையை 1958இல் உலகுக்கு அறிவித்தார். தழும்பைப் பாதுகாப்பாக்கிய கீறலும் அந்தத் தழும்பைப் பார்க்க உதவும் கருவியும் ஒரே ஊரின் கொடை. சிசேரியன் ஆன பெண்ணுக்கு ஸ்கேன் எவ்வளவு பெரிய உதவி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறேழு வாரத்தில் எடுக்கும் ஸ்கேன், கரு பழைய தழும்புக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டதா என்று காட்டும். அரிதாக நடப்பதுதான், ஆனால் பார்க்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. மூன்றாம் மாத ஸ்கேன் கர்ப்பத்தின் வயதை ஒரு வாரத்துக்குள் சரியாகச் சொல்லிவிடும். வலியை மருந்தால் வரவழைப்பது அபாயம் என்றிருக்கும் பெண்ணுக்கு இந்தத் தேதி பொன்னானது. தேதி தவறாக இருந்தால், நாள் கடக்காதவளை நாள் கடந்துவிட்டாள் என்று சொல்லி அவசரப்படுத்துவோம். ஐந்தாம் மாத ஸ்கேன் நஞ்சு எங்கே இருக்கிறது என்று காட்டும். அது கீழே இருந்தாலும் பெரும்பாலும் கருப்பை வளர வளர மேலே ஏறிவிடும். ஏறாமல், முன்பக்கத் தழும்பின் மேலேயே தங்கிவிட்டால், நஞ்சுக்கும் தசைக்கும் நடுவே தெரிய வேண்டிய கருங்கோடு மறைந்திருக்கிறதா, நஞ்சுக்குள் ரத்தக் குளங்கள் தெரிகின்றனவா என்று தேர்ந்த கண் பார்த்துச் சொல்லும். இந்த ஒரு பதில் எத்தனையோ தாய்மார்களின் உயிரைக் காத்திருக்கிறது.

சிக்கல் கடைசி ஸ்கேனில் தொடங்குகிறது. ஒன்பதாம் மாத ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம், இவற்றைக் கூட்டிக் கணக்கிட்ட எடை, தண்ணீரின் அளவு, நஞ்சின் இடம், கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் அதற்கு ஒரு வரி. குடும்பங்கள் நினைவில் வைத்திருப்பது இதில் மூன்றைத்தான்: "புள்ள வெயிட்டா இருக்கு", "தண்ணி கம்மியா இருக்கு", "கொடி சுத்தியிருக்கு". மூன்றையும் தனித்தனியாக எடைபோடலாம். எடையைக் கருவி நிறுப்பதில்லை, அளவுகளிலிருந்து ஊகிக்கிறது. அந்த ஊகம் 10 முதல் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ போகலாம். மூன்றரை கிலோ என்று ரிப்போர்ட்டில் வரும் பிள்ளை மூன்று கிலோவாகவும் இருக்கலாம், நாலு கிலோவாகவும் இருக்கலாம். எடை அதிகமாக இருக்கலாம் என்ற ஊகம் மட்டுமே சுகப்பிரசவ முயற்சியைத் தடுக்கக் காரணமாகாது என்பது சர்வதேச வழிகாட்டுதல்களின் நிலை. கொடி சுற்றல் நிறைமாதத்தில் நான்கில் ஒரு பிள்ளைக்காவது இருக்கக்கூடியது. தலை வெளியே வந்ததும் மருத்துவச்சியின் விரல்கள் அதைத் தளர்த்தி எடுத்துவிடும். சிசேரியனுக்கு அது காரணமே அல்ல. தண்ணீரை நான்கு மூலைகளில் அளந்து கூட்டும் முறை, ஒரே ஆழமான இடத்தை மட்டும் அளக்கும் முறையை விட அதிகப் பெண்களுக்குக் குறைவு என்ற முத்திரை குத்துகிறது. அதனால் கூடுதல் ஆபரேஷன்கள் நடக்கின்றனவே தவிர, பிள்ளைகளின் நலன் கூடவில்லை என்பதை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

தழும்பின் தடிமனை அளப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிவியல் நியாயம் அதிகமுள்ள அளவு அது. மூத்திரப்பை ஓரளவு நிறைந்திருக்கும்போது, மூத்திரப்பைச் சுவருக்கும் பனிக்குட நீருக்கும் நடுவே இருக்கும் மெல்லிய பட்டையைத் திரையில் பெரிதாக்கி, இரண்டு புள்ளிகளை வைத்து அளக்கிறார்கள். ஒரு புள்ளி சற்று நகர்ந்தாலும் எண் மாறிவிடும் அளவுக்கு மெல்லியது அது. 642 பெண்களை அளந்து பிரான்சில் 1996இல் வெளியான முன்னோடி ஆய்வு, 3.5 மில்லிமீட்டரை எல்லைக்கோடாக வைத்தது. அதற்கு மேல் இருந்தவர்களில் தழும்பில் குறை இருந்தது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. கீழே இருந்தவர்களிலோ நூற்றில் சுமார் 12 பேருக்கு மட்டுமே குறை இருந்தது, மற்ற 88 பேரின் தழும்பு நன்றாகவே இருந்தது. அதாவது, தடிமனாக இருந்தால் தைரியம் கொள்ளலாம், மெல்லியதாக இருந்தாலே பயந்துவிட வேண்டியதில்லை. பின்னர் கனடாவின் கியூபெக்கில் நடந்த ஆய்வு 2.3 மில்லிமீட்டரை எல்லையாகச் சொன்னது. எல்லைக்கோட்டிலேயே இவ்வளவு வேறுபாடு. இந்த அளவை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தாய்க்கும் சேய்க்கும் நன்மை கூடுமா என்று பிரான்சிலேயே பெண்களை இரு பிரிவாகப் பிரித்துச் சோதித்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை. மாறாக, கியூபெக்கின் 40 மருத்துவமனைகளில் நடந்து 2024இல் வெளியான ஆய்வு வேறொன்றைச் சொன்னது. வெற்றி வாய்ப்பைக் கணக்கிட்டுச் சொல்வது, பெண்ணோடு உட்கார்ந்து பேசுவது, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது ஆகியவற்றோடு தழும்பின் அளவையும் ஓர் அங்கமாகச் சேர்த்தபோது, பிறக்கும் பிள்ளைகளுக்கு நேரும் கடும் பாதிப்புகள் குறைந்தன. எண் பேச்சோடு சேர்ந்தபோது உதவியது, தனியாக நின்றபோது உதவவில்லை.

அப்படியானால் முடிவை எதன் மேல் நிறுத்துவது? பழைய ஆபரேஷனின் குறிப்பின் மேல். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பு கருப்பையின் தழும்பைக் காட்டாது. வெளியே குறுக்காக இருக்க, உள்ளே நெடுக்காகவோ, கீழிருந்து மேலே நீட்டப்பட்டோ கீறியிருக்கலாம். முதல் ஆபரேஷன் ஏன் நடந்தது, கருப்பை வாய் எவ்வளவு திறந்த பிறகு நடந்தது, கீறல் கிழிந்து நீண்டதா, பிறகு காய்ச்சல், சீழ் எதுவும் வந்ததா என்பதெல்லாம் அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. பிள்ளை குறுக்கே கிடந்ததற்காகவோ, பிட்டம் கீழே இருந்ததற்காகவோ நடந்த ஆபரேஷன் என்றால் இந்த முறை நம்பிக்கை அதிகம், ஏனென்றால் அந்தக் காரணம் மறுபடி வர வேண்டும் என்பதில்லை. இரண்டு பிரசவங்களுக்கும் நடுவே 18 மாதத்துக்கும் குறைவான இடைவெளி என்றால் எச்சரிக்கை கூட வேண்டும். இவ்வளவையும் சொல்லும் காகிதம், நம் ஊரில் பெண்ணின் கையில் பெரும்பாலும் இருப்பதில்லை. டிஸ்சார்ஜ் அட்டையில் ஒரு வரி இருக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோ பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக அடுக்கப்பட்டிருக்கும். ஸ்கேன் மையங்களின் சுவரில், பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது என்று 1994ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லும் பலகை தொங்குகிறது. அது மிக அவசியமான பலகை. எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தரத்தான் யாரும் இல்லை.

எதிர்வாதங்கள் இருக்கின்றன, அவை லேசானவையும் அல்ல. முதலாவது, இருநூறில் ஒன்று என்றாலும் அந்த ஒன்று நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன செய்வது என்பது. 2004 ஆய்வில் வலிக்குக் காத்திருந்தவர்களின் பிள்ளைகளில் 12 பேருக்கு மூச்சுத் திணறலால் மூளை பாதித்தது. திட்டமிட்டு மறு சிசேரியன் செய்தவர்களிடம் அது ஒன்றுகூட இல்லை. இதை மறைத்துவிட்டு யாரும் சுகப்பிரசவத்துக்கு வாதாடக் கூடாது. அதே நேரம், இந்த முயற்சியில் பிள்ளை இறக்கும் ஆபத்து முதல் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கு இருக்கும் அளவுதான் என்று பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்கிறது. முதல் பிரசவத்துக்கு வரும் பெண்ணை அந்த ஆபத்துக்காக நாம் ஆபரேஷன் அறைக்கு அனுப்புவதில்லை. இரண்டாவது வாதம் வசதி பற்றியது. இரவு இரண்டு மணிக்கு மயக்க மருத்துவரை வேறிடத்திலிருந்து அழைக்க வேண்டிய சிறிய நர்சிங் ஹோமில் இதைச் செய்ய முடியாது என்பது நியாயம். அங்கே இருக்கும் தனி மருத்துவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு அவருடைய அச்சமும் புரிகிறது. ஆனால் அவர் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. தன்னால் முடியாது என்பதையும், முடிகிற இடம் எது என்பதையும் ஐந்தாம் மாதத்திலேயே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் அந்த இடம் இருக்கிறது. மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், ரத்தம் எல்லாம் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்பதற்காகவே அரசு மருத்துவமனைகளில் சீமாங் மையங்கள் அமைக்கப்பட்டன. பிள்ளையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து கவனிப்பதும், அது மாறினால் சில நிமிடங்களில் ஆபரேஷன் மேசைக்குக் கொண்டுபோவதும்தான் இதற்கான முக்கியத் தேவை. கிழிசலின் முதல் அறிகுறி பெரும்பாலும் அந்தத் துடிப்பின் மாற்றமே.

மூன்றாவது எதிர்வாதம் நம் ஊருக்கே உரியது. இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்கிற குடும்பத்துக்கு மூன்றாவது கர்ப்பத்தின் ஆபத்தைச் சொல்லி என்ன பயன், ஆபரேஷனோடு ஆபரேஷனாகக் குடும்பக் கட்டுப்பாட்டையும் முடித்துவிடலாமே என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. நஞ்சு தழும்பில் இறங்கும் பேராபத்து ஆபரேஷன்கள் கூடக்கூடத்தான் வளர்கிறது. ஆனால் சுகப்பிரசவமான சில நாட்களுக்குள் தொப்புளுக்குக் கீழே சிறு கீறலில் அதே குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்துகொள்ள முடியும். அதற்காக ஒரு பெரிய ஆபரேஷன் தேவையில்லை. மூத்த பிள்ளையை இடுப்பில் தூக்க வேண்டியவளுக்கு, சீக்கிரம் எழுந்து நடமாடுவது சிறிய லாபமும் அல்ல. கடைசியாக, எனக்கு வலி வேண்டாம், ஆபரேஷனே செய்துவிடுங்கள் என்று பெண்ணே கேட்டால்? கணக்குகள் அனைத்தையும் கேட்டுவிட்டு அவள் அப்படிச் சொன்னால் அது அவளுடைய உரிமை. சிசேரியன் செய்துகொண்ட எந்தத் தாயும் யாருக்கும் குறைந்தவள் அல்ல. நான் எதிர்ப்பது, கணக்கைச் சொல்லாமலேயே அவள் சார்பில் மற்றவர்கள் எடுக்கும் முடிவையும், வீட்டார் பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரம் குறித்துக் கொடுப்பதையும்தான்.

2010இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, முன்பு ஒரு கீழ்க் குறுக்குக் கீறல் ஆன பலருக்கு வலிக்குக் காத்திருப்பது நியாயமான வழியே என்று முடிவு சொன்னது. நம் ஊரில் அதை நடைமுறையாக்கப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. சிசேரியன் செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும் கருப்பைக் கீறல் எப்படிப்பட்டது, அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்ற இரண்டையும் டிஸ்சார்ஜ் அட்டையில் தமிழில் எழுதித்தர வேண்டும். அடுத்த கர்ப்பத்தில் மூன்றாம் மாதத்திலும் ஐந்தாம் மாதத்திலும் ஸ்கேன் தவறாமல் எடுக்கப்பட வேண்டும். ஒன்பதாம் மாதத்தில் வரும் எடையும் கொடியும் மட்டும் முடிவைத் தீர்மானிக்கக் கூடாது. உங்கள் வீட்டில் ஒரு பெண் தழும்போடு இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருந்தால், இந்த வாரமே அவளுடைய பழைய மருத்துவமனைக்குப் போய் ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அவளைப் பார்க்கும் மருத்துவரிடம் அதைக் கொடுத்து, இந்தத் தழும்புக்குச் சுகப்பிரசவம் முயலலாமா, இங்கே முடியாதென்றால் எங்கே முடியும் என்று கேளுங்கள். பதிலை அந்தப் பெண்ணும் உடனிருந்து கேட்கட்டும்.